வைக்கோலில் புதைத்த அண்டா

நான் படித்தது ஐந்தாம் வகுப்புவரைதான். அதன் பிறகு வயிற்றுக்காகப் பல ஊர் சுற்றியிருக்கிறேன். சூளூர்பேட்டையில் மீன்கூடை தூக்கினேன். ரேணிகுண்டா ஸ்டேஷனில் மூட்டை இறக்கினேன். திருமலைப் படிக்கட்டில் யாத்திரைக்காரர்களின் பெட்டிகளைத் தலையில் வைத்து ஏறினேன். பட்டினி கிடந்ததும் உண்டு, விஷக்காய்ச்சலில் கிடந்ததும் உண்டு. அதையெல்லாம் எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. ஆனால் ஒரு அண்டா கோழிக்குழம்பு என்னைப் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் போட்டது. ஒரு கிழவரைக் கொன்றது. என் அக்காவை விஷம் வைத்தவள் என்று ஊர் முழுக்கப் பேச வைத்தது. இதை எழுதாமல் விட்டால் எனக்கு ஆறாது. அந்த வீட்டில் அடுத்த பொங்கலுக்கும் அதே அண்டாவை எடுத்துத்தான் துலக்குவார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆந்திரா தனியாகப் பிரிந்துவிட்டது, ஆனால் எல்லை எந்த ஊரோடு நிற்கும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. எங்கள் ஊர் நகரிக்குப் பக்கம். ஒரு நாள் தமிழில் நோட்டீஸ் ஒட்டக் கூப்பிடுவார்கள், மறுநாள் தெலுங்கில் ஒட்டக் கூப்பிடுவார்கள். நான் இரண்டையும் ஒட்டினேன். பசை ஒன்றுதான். எங்கள் ஊர் அரிசி மில்லுக்காரர் முனிரத்தினம் சென்னையோடு சேரவேண்டும் என்ற கட்சி. பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை திருத்தணியில் பெரிய கூட்டம். அதற்கு ஆள் சேர்த்து லாரியில் அனுப்புவது அவர் பொறுப்பு. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து மகஜரில் கைநாட்டு வைக்க வருகிறவர்களுக்கு, புறப்படுமுன் கோழிக்குழம்பும் சோறும் போடுவதாகச் சொல்லிவிட்டார்.

அந்த வருஷம் மாட்டுப்பொங்கலுக்கு மறுநாளான கரிநாள் சனிக்கிழமையில் வந்தது. எல்லாம் அங்கேதான் கெட்டது.

கரிநாள் என்றால் எங்கள் பக்கம் கறி ஆக்காத வீடு இல்லை. ஆனால் மில்லுக்காரர் வீட்டில் சனிக்கிழமை பெருமாள் நாள். அன்றைக்குக் கறி தின்னமாட்டார்கள், கத்தி வைக்கமாட்டார்கள், அடுப்பில் கவிச்சி ஏற்றமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியும்போது லாரி புறப்படவேண்டும். அன்றைக்கு அறுத்து ஆக்க நேரம் இல்லை. அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலமே அம்மனுக்கு இருபது சேவலை அறுத்து, அன்றைக்கே குழம்பு வைத்து, ஞாயிறு காலைவரை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார் அவர் மனைவி ராஜம்மா.

சமைத்தவள் என் அக்கா ரேணம்மா. எனக்கு இருக்கிற ஒரே சொந்தம் அவள்தான். அவள் புருஷன் காளாஸ்திரிக்காரர், தெலுங்கு பேசுகிறவர், வண்டி ஓட்டினார். அவர் இறந்த பிறகு அக்கா மில்லில் நெல் புடைத்துக்கொண்டு, விசேஷம் வந்தால் அவர்கள் வீட்டுக்குச் சமைத்துக்கொடுத்துக் காலம் தள்ளினாள். அவள் கைக்குழம்புக்கு ஊரில் பேர் உண்டு. வெள்ளிக்கிழமை அவள் சரியாகத்தான் வேகவைத்தாள். எலும்பைப் பிடித்து இழுத்தால் சதை கழன்று வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து விறகு தள்ளினேன், எனக்குத் தெரியும்.

வெந்த குழம்பு இடுப்பு உயரத்துக்கு ஒரு ஈயம் பூசிய அண்டாவில் இருந்தது. சனிக்கிழமை முழுக்க அதன் வாசனை வீட்டில் வரக்கூடாது என்று ராஜம்மா அதன்மேல் வாழையிலை பரப்பி, மூடி போட்டு, மூடியைச் சுற்றி மாவு பிசைந்து அடைத்தாள். அதைக் கோடையில் மாங்காய் பழுக்க வைக்கிற அறைக்குள் இரண்டு பேரை விட்டுத் தூக்கவைத்து, வைக்கோலுக்குள் புதைத்து, மேலே கோணி போர்த்தினாள். சூடு ஆறாமல் இருந்தால் கெடாது என்பது அவள் கணக்கு. தை மாதப் பனி வேறு. எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எனக்கும்தான்.

அக்காவுக்கு மட்டும் படவில்லை. மீந்த கறிக்குழம்பைக் காலையும் மாலையும் கொதிக்கவிட்டு இறக்குவது எந்த ஏழை வீட்டிலும் செய்கிற காரியம். சனிக்கிழமை காலையில் ஒரு தடவை போய்க் கேட்டாள். சாயங்காலம் இன்னொரு தடவை கேட்டாள். இரண்டாம் தடவை நான் கூடப் போயிருந்தேன்.

"ஒரே ஒரு தபா கொதிக்க வுட்டு எறக்கிட்றேன்மா. கொல்லப்பக்கம் கல்லுக் கூட்டிக்கிறேன். உங்க அடுப்ப நான் தொடவே மாட்டேன்."

"சனிக்கெழமையில எங்க வூட்டு எல்லைக்குள்ள கவிச்சி கொதிக்காது ரேணம்மா. பனி கொட்டிக்கினு கீது, இன்னாத்துக்குக் கெட்டுப் பூடும்? அந்த மூடிய தொட்டின்னா நாளையிலேர்ந்து மில்லு வாசல்ல நிக்காத."

அக்கா திரும்பி வந்துவிட்டாள். ஆனால் அவளுக்கென்று ஒரு மண்சட்டி இருந்தது. சமைக்கிறவளுக்குத் தலை, கால், கழுத்து, ஈரல், கொடல் எல்லாம் போகும். அது அங்கே வழக்கம். அதை அதே மசாலாவில், அதே அடுப்பில், வெள்ளிக்கிழமையே மில் ஆட்களுக்காகத் தனியாகக் குழம்பு வைத்திருந்தாள். சனிக்கிழமை மில் வளாகத்தில் யாரும் கறி தின்னக்கூடாது என்பதால் அதுவும் ஞாயிறுவரை கிடக்கவேண்டியதாயிற்று. அந்தச் சட்டியை அவள் மில்லுக்குப் பின்னால் உமிக் கொட்டகைக்குள் கொண்டுபோய், யாருக்கும் தெரியாமல் காலையும் மாலையும் தளதளவென்று கொதிக்கவைத்தாள். நான் பார்த்துவிட்டேன். பெருமாள் கோபித்துக்கொள்ளமாட்டாரா என்று கிண்டல் செய்தேன்.

"கோச்சிக்கினா என்கிட்ட வந்து கேக்கட்டும். நீ போய் எவன்கிட்டயும் ஒளறாத," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் அண்டாவைத் திறந்தார்கள். வாசனை ஆளைத் தூக்கியது. அது கெட்டுப்போன நாற்றம் என்று யாரும் பிற்பாடு சொன்னால் நம்பாதீர்கள். ஒரு நாற்றமும் இல்லை. நடுவில் கரண்டி விட்டால் இன்னும் வெதுவெதுப்பு இருந்தது. அதைக் கண்டு ராஜம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அக்கா கொதிக்கவைக்கலாம் என்றாள். லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். சூடாகத்தானே இருக்கிறது, ஊற்று என்று மில்லுக்காரர் அதட்டினார்.

நியாயப்படி நான் மில் ஆட்களோடு கொட்டகையில் கழுத்தும் காலும் தின்றிருக்கவேண்டியவன். நோட்டீஸ் ஒட்டியவன் என்ற திமிரில் விருந்தாளிகளின் பந்தியில் போய் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் மங்கான் என்ற கிழவர் உட்கார்ந்தார். கைநாட்டு வைத்த மை இன்னும் கட்டைவிரலில் இருந்தது. அவர் இலையில் ஒரு தொடைக்கறி விழுந்தது. அதை எடுத்து என் இலையில் வைத்தார்.

"எனக்குப் பல்லு இல்ல நைனா. தொடைய நீ துன்னு. எனக்கு சாறு ஊத்தச் சொல்லு."

அவருக்கு மூன்று கரண்டி சாறு ஊற்றினார்கள்.

திருத்தணிக் கூட்டம் முடிந்து திரும்பும்போதே லாரியில் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பொழுது சாயும்போது மில் வாசலில் பதினைந்து பேருக்குமேல் உருண்டுகொண்டிருந்தோம். வயிற்றுக்குள் யாரோ துணி பிழிவதுபோல் இருந்தது. வாந்தி, பேதி, இரண்டும் ஒரே நேரத்தில். கெண்டைக்கால் சதை கல்லாக இறுகி, காலை நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. புத்தூரில் பார்த்தவர்கள் ஒரே பார்வையில் காலரா என்று பயந்து திருப்பதிக்கு அனுப்பிவிட்டார்கள். அதே லாரிதான். அதே ஹாரன்தான்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் எங்களைப் பெரிய கட்டடத்துக்குள் விடவில்லை. காம்பவுண்டு ஓரத்தில் தொற்று நோய்க்கென்று இருந்த தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். சுற்றிலும் சுண்ணாம்புத் தூள் போட்டிருந்தது. யாத்திரைக்காரர்கள் வந்துபோகிற ஊரில் காலரா என்ற பேச்சுக்கே எல்லாரும் நடுங்குவார்கள். கொட்டகைக்குள் இருந்த கட்டில்களைப் பற்றிச் சொல்லவேண்டும். ரெக்ஸின் போட்ட கட்டில், நடுவில் வட்டமாக ஓட்டை, அடியில் வாளி. எழுந்து போகமுடியாதவன் படுத்தபடியே போகவேண்டியது. பத்து வயதுக்குப் பிறகு நான் எவன் முன்னாலும் அழுததில்லை. அந்த ஓட்டைக் கட்டிலில் அழுதேன். வலியால் இல்லை, மானம் போனதால்.

டாக்டர் குண்டூர்ப் பக்கத்துக்காரர், சென்னையில் படித்ததால் தமிழ் பேசினார். என் புறங்கைத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டார். கிள்ளிய தோல் கூடாரம்போல் நின்றது, விழவில்லை. உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்றார். தண்ணீர் வற்றினால் ரத்தம் கெட்டியாகும், நாடி விழும், சிறுநீர்ப்பை காயும். கிருமி கொல்வதைவிட இந்த வறட்சிதான் ஆளை முதலில் கொல்லும் என்று சொன்னார். கை நரம்பு எதுவும் கிடைக்காததால் கணுக்காலைக் கீறி, அங்கே ஓடுகிற நரம்பில் ஊசி ஏற்றி உப்புத்தண்ணீர் விட்டார்கள். தலைக்குமேல் கண்ணாடி பாட்டில், சிவப்பு ரப்பர் குழாய். சொட்டுச் சொட்டாக அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். பார்க்க வேறு எதுவும் இல்லை.

நர்ஸம்மா அரக்கோணத்துக்காரி. மணிக்கு ஒரு தடவை வந்து ஒரே கேள்வி கேட்பாள்.

"ஒண்ணுக்கு வந்துதா?"

வரவில்லை. முதல் நாள் முழுக்க ஒரு சொட்டு வரவில்லை. சிறுநீர் இறங்கவில்லை என்றால் சிறுநீரகம் நின்றுபோய்க்கொண்டிருக்கிறது என்று பொருளாம். அது நின்றால் எத்தனை பாட்டில் ஏற்றியும் பிரயோஜனம் இல்லையாம். எதிர்க் கட்டிலில் மங்கான் கிடந்தார். அவரிடமும் அதே கேள்வி. அவர் வெட்கப்பட்டுக்கொண்டு பதில் சொல்லமாட்டார். கேட்டது பெண்பிள்ளை. இரண்டாம் நாள் மத்தியானம் எனக்கு மஞ்சளாக ஒரு கிண்ணம் வந்தது. நர்ஸம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, முதல் தடவையாகச் சிரித்தாள். மங்கானுக்கு வரவேயில்லை. அன்று சாயங்காலம் அவரைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு போனார்கள். போர்வைக்கு வெளியே ஒரு கை தொங்கியது. கட்டைவிரலில் மை அப்படியே இருந்தது.

அவர் செத்ததும் பேச்சு மாறியது.

எங்கள் மலத்தைத் தகர டப்பியில் எடுத்துச் சோதித்துப் பார்த்ததில் காலராக் கிருமி இல்லை. காலரா இல்லை என்றால் பின்னே என்ன? மில்லுக்காரர் முனிரத்தினத்திடம் பதில் தயாராக இருந்தது. அவருக்கு இரண்டு தடவை பேதி ஆனதோடு சரி. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் போலீசுக்கும் நடந்துகொண்டிருந்தார். விருந்தாளிகள் பந்தியில் தின்றவர்கள் எல்லாரும் விழுந்தார்கள். உமிக் கொட்டகையில் தின்ற மில் ஆட்களில் ஒருவருக்குக்கூட வயிற்றுவலி இல்லை. சமைத்த ரேணம்மாவுக்கும் ஒன்றும் இல்லை. ஒரே கோழி, ஒரே கை. அவள் புருஷன் தெலுங்கன். சென்னையோடு சேரக் கைநாட்டு வைக்க வந்தவர்களைக் கொல்ல அந்தப் பக்கத்தான் அவளைப் பிடித்து வேலை செய்திருக்கிறான். இதுதான் அவர் சொன்னது. ஒரே நாளில் இது நகரி, புத்தூர் எங்கும் போய்விட்டது. எதிர்க்கட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மில்லுக்காரரே தங்கள்மேல் பழி போட விஷம் வைத்தார் என்று அவர்கள் சொன்னார்கள். யாரும் அண்டாவைப் பற்றிப் பேசவில்லை.

ஹெட் கான்ஸ்டபிள் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். சனிக்கிழமை நீ என்ன செய்தாய் என்று, எனக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த அக்காவைக் கேட்டார். ஒன்றும் செய்யவில்லை, என் சட்டியைத் தொடக்கூட இல்லை என்று அவள் சொல்லிவிட்டாள். சனிக்கிழமையில் மில் வளாகத்துக்குள் கவிச்சி கொதிக்கவைத்தேன் என்று சொன்னால் வேலை போகும், ஊரில் தலைகாட்டவும் முடியாது என்று பயந்தாள். அந்தப் பொய் அவளை இன்னும் இறுக்கியது. மில் ஆட்கள் தின்ற சட்டி எப்படிக் கெடாமல் இருந்தது என்ற கேள்விக்கு, அதில் விஷம் வைக்கவில்லை என்ற ஒரே பதில்தான் மிச்சம் இருந்தது. திருப்பதியை விட்டுப் போகக்கூடாது என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கான்ஸ்டபிள் போனார்.

அவள் போகவும் இல்லை. சத்திரத்தில் ஒரு மூலையில் படுத்துக்கொண்டு, தினமும் எனக்கு உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியைத் தூக்குச்சட்டியில் கொண்டுவருவாள். ஆஸ்பத்திரி ரொட்டியைக் கண்டாலே எனக்குக் குமட்டியது. அந்தக் கஞ்சி மட்டும்தான் வயிற்றில் நின்றது. ஆனால் அவள் கையால் எதுவும் உள்ளே போகக்கூடாது என்று மில்லுக்காரர் வாசல் காவலாளியிடம் சொல்லி வைத்திருந்தார். முதல் நாள் கஞ்சியைச் சாக்கடையில் கொட்டினார்கள். மறுநாள் அக்கா காவலாளியோடு மல்லுக்கு நின்றாள். கடைசியில் ஒரு ஏற்பாடு ஆயிற்று. அவள் எல்லார் முன்னாலும் ஒரு வாய் குடிக்கவேண்டும். குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்கவேண்டும். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்த பிறகுதான் கஞ்சி உள்ளே வரும். யாத்திரைக்காரர்கள், நோயாளிகளின் சொந்தக்காரர்கள், சோடா விற்கிறவன், எல்லாரும் வேடிக்கை பார்ப்பார்கள். கொட்டகை ஜன்னல் வழியாக எனக்கு அது தெரியும். எழுந்து போய் அந்தக் காவலாளியை அறைய எனக்குக் காலில் வலு இல்லை.

ஐந்தாம் நாள் டாக்டர் சாவகாசமாக என் கட்டில் பக்கம் உட்கார்ந்து, எது எங்கே இருந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்டார். அவருக்கு விஷக் கதையில் நம்பிக்கை இல்லை. விஷம் வைத்தால் தின்ற கொஞ்ச நேரத்தில் தெரியும், இது பொழுது சாயும்போதுதான் வந்திருக்கிறது என்றார். மில் ஆட்கள் தின்ற சட்டிதான் தனக்குப் புரியவில்லை என்றார். வெளியே சொல்லமாட்டேன் என்று நான் அக்காவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். மங்கான் கிடந்த கட்டில் காலியாக இருந்தது. நான் சொல்லிவிட்டேன். மாவு அடைத்ததையும், மாங்காய் அறை வைக்கோலையும், அக்கா இரண்டு தடவை போய்க் கேட்டதையும், உமிக் கொட்டகையில் சட்டி கொதித்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு எனக்கு விளக்கினார். எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். கோழியின் குடலில் எப்போதும் கிருமி இருக்கும். நன்றாக வேகவைத்தால் பெரும்பாலும் செத்துப்போகும். ஆனால் சில ஜாதிக் கிருமி, விதைபோல ஓடு கட்டிக்கொண்டு கொதியிலும் சாகாமல் கிடக்கும். குழம்பு கொதிக்கிற சூட்டில் இருந்தாலும் அது முளைக்காது, நன்றாகக் குளிர்ந்துவிட்டாலும் முளைக்காது. நம் உடம்புச் சூடு இருக்கிறதே, அந்த வெதுவெதுப்புத்தான் அதற்குப் பருவம். இடுப்பளவு அண்டாவில் நடுக்குழம்பு ஆற ஒரு நாள் ஆகும். அதை வைக்கோலிலும் புதைத்தால் ஆறவே ஆறாது. "மாங்கா மாதிரி கிருமிய பழுக்க வெச்சிட்டாங்க," என்றார். மூக்குக்கும் நாக்குக்கும் அது தெரியாதாம். எந்தக் கிருமி என்று நிச்சயமாகச் சொல்ல டப்பியை வெளியூருக்கு அனுப்பியிருப்பதாகவும், பதில் எப்போது வரும் என்று தெரியாது என்றும் சொன்னார். எனக்குத் தெரிந்து அது வரவேயில்லை.

நான் சொல்லிவிட்டது அக்காவுக்குத் தெரிந்ததும் என்னை உயிரோடு தின்பதுபோல் பார்த்தாள். "என் சோத்துல மண்ண போட்டுட்ட. மில்லுல இனிமே என்னெ எவன் சேப்பான்?" என்றாள். தூக்குமேடையைவிட அவளுக்கு மில் வாசல் பெரிதாக இருந்தது. நான் பதிலுக்குக் கத்தினேன். அந்தக் கோபத்திலும் கஞ்சியை என் தலைமாட்டில் வைத்துவிட்டுத்தான் போனாள்.

மறுநாள் காலை டாக்டர் ஹெட் கான்ஸ்டபிளைக் கூட்டிக்கொண்டு பெண்கள் வார்டுக்குப் போனார். காலரா இல்லை என்று தெரிந்த பிறகு, முந்தின நாள் சாயங்காலம்தான் எங்களைப் பெரிய கட்டடத்துக்கு மாற்றியிருந்தார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டே போய் வாசல் நிலையில் சாய்ந்து நின்றேன். ராஜம்மா சுருங்கிப்போய்ப் படுத்திருந்தாள். விருந்தாளிகளுக்குப் பரிமாறிவிட்டுக் கடைசியில் அண்டாவை வழித்துத் தின்றவள் அவள். பக்கத்தில் மில்லுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அக்கா கட்டில் கால்மாட்டில் நின்றாள்.

சனிக்கிழமை அந்த அண்டாவுக்கு யார் தீ மூட்டினார்கள் என்று டாக்டர் கேட்டார். யாரும் மூட்டவில்லை என்றாள் ராஜம்மா. சமைத்தவள் மூட்டியிருக்கவேண்டும், அவள் மூட்டவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார் மில்லுக்காரர். கான்ஸ்டபிள் எழுத ஆரம்பித்தார்.

"அவ கேட்டா," என்றாள் ராஜம்மா. "ரெண்டு தபா வந்து கேட்டா. நான்தான் வாணான்னேன்."

"நீ சும்மா கெட," என்றார் மில்லுக்காரர்.

"செத்தவரு செத்துட்டாரு. நான் வாயத் தொறக்காம இருந்தா இவளையும் இழுத்துக்கினு போவாங்க. மூடிய அடச்சது நானு. தொட்டின்னா வேல இல்லன்னு சொன்னதும் நானு. எழுதிக்குங்க சார்."

மில்லுக்காரர் அதோடு விடுகிற ஆள் இல்லை. உமிக் கொட்டகை விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. சனிக்கிழமையில் என் மில்லுக்குள்ளேயே கவிச்சி கொதிக்கவைத்திருக்கிறாள், அந்தக் குற்றத்துக்குத்தான் பெருமாள் எல்லாரையும் படுக்கப்போட்டார் என்று ஆரம்பித்தார். ஒரு வாரமாக மில்லுக்காரர் முன்னால் வாயைத் திறக்காத அக்கா அப்போதுதான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"பெருமாளுக்குக் கோவம்னா என்னெ இல்ல படுக்க வெச்சிருக்கணும். நான் கொதிக்க வெச்சத துன்னவங்க நெல்லு புடச்சிக்கினு கீறாங்க. நீங்க கொதிக்க வுடாதத துன்னவங்கதான் இங்க கீறாங்க. அவருக்கு ஆள் அடையாளம் தெரியாதா?"

கான்ஸ்டபிள் இருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். பக்கத்துக் கட்டில் பெண்பிள்ளை வாய்விட்டே சிரித்தாள். மில்லுக்காரர் எழுந்து வெளியே போனார். என்னைத் தாண்டிப் போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கெட்டுப்போன உணவால் வந்த நோய் என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மங்கானுக்கும் அதுதான் எழுதப்பட்டது. அவர் சாவுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அவர் வைத்த கைநாட்டுக்கும் பதில் வரவில்லை. எல்லை போட்டு முடிந்தபோது திருத்தணி சென்னைப் பக்கம் போயிற்று, எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது.

பண்டிகைக்கு முன்கூட்டியே கோழி ஆக்கி வைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். டாக்டர் சொன்னதையும் என் குடல் சொன்னதையும் சேர்த்தே சொல்கிறேன். கூடுமானால் அன்றைக்கு அறுத்து அன்றைக்கே தின்னுங்கள். முடியாது, முந்தின நாளே ஆக்கித்தான் ஆகவேண்டும் என்றால் ஒரே அண்டாவில் வைக்காதீர்கள். அகலமான தட்டுச்சட்டிகளில் ஆழமில்லாமல் பிரித்து ஊற்றி, தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிச் சீக்கிரம் ஆறவிடுங்கள். வைக்கோல், கோணி, கம்பளி எதையும் போர்த்தாதீர்கள். ஆறியதைக் காலையும் மாலையும் தளதளவென்று, அடியிலிருந்து கிளறிக் கொதிக்கவிடுங்கள். கை பொறுக்கிற சூடு சூடே இல்லை. இப்படியும் ஒரு பகல் ஒரு ராத்திரிக்குமேல் வைக்காதீர்கள். அக்காவின் சட்டி இரண்டு ராத்திரி தாங்கியது அதிர்ஷ்டம், அதை வழக்கமாக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பச்சைக் கோழி நறுக்கிய பலகையில் வெங்காயம் நறுக்காதீர்கள். வாசனை நன்றாக இருக்கிறது என்று நம்பாதீர்கள். எங்களுக்கும் நன்றாகத்தான் இருந்தது. அடுப்பு மூட்டக்கூடாத நாள் குறுக்கே வந்தால், அந்த நாள் கழிந்த பிறகு கோழியை அறுங்கள். லாரி காத்திருக்கட்டும்.

பதினோராம் நாள் என்னை அனுப்பிவிட்டார்கள். புறப்படுமுன் நர்ஸம்மாவிடம் சொல்லிக்கொள்ள நானும் அக்காவும் பெண்கள் வார்டு வழியாகப் போனோம். அன்றைய கஞ்சி தூக்குச்சட்டியில் பாதி மீந்திருந்தது. வாசலில் இப்போதெல்லாம் யாரும் அவளைத் தடுப்பதில்லை. ராஜம்மா இன்னும் கட்டிலில்தான் இருந்தாள். தலைமாட்டில் ஆஸ்பத்திரி ரொட்டி தொடாமல் காய்ந்து கிடந்தது. மில்லுக்காரர் அந்தப் பக்கம் வந்து மூன்று நாள் ஆகிறது என்று பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள். நான் அக்காவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன், நிற்காமல் போய்விடலாம் என்று.

"ரேணம்மா," என்று ராஜம்மா கூப்பிட்டாள். "அதுல எனக்குக் கொஞ்சம் ஊத்துவியா?"

அக்கா நின்றாள். டம்ளரில் கஞ்சியை ஊற்றினாள். அதைத் தூக்கி, ராஜம்மா பார்க்க ஒரு வாய் குடித்தாள். வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, வாசலில் தினமும் நின்றதுபோலவே கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ராஜம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நிற்கவேண்டிய நேரம் முழுவதும் நின்று முடித்த பிறகுதான் அக்கா குனிந்து, டம்ளரை அவள் கையில் கொடுத்தாள்.